யூ இல்லாத க்யூ

ஆங்கிலத்தின் பெருந்தன்மைக்குச் சான்றாக ஒரு சகோதர இதழ் சென்ற மாதம் ஒரு பட்டியலே போட்டிருந்தது. க்யூ இருக்கும், அதை ஒட்டி யூ இருக்காது. அப்படிப்பட்ட குட்டிச் சொற்கள். க்யூ-ஐ: சீனர் சொல்லும் உயிராற்றல். க்யூ-ஏ-டி: ஏமன்காரர்கள் பிற்பகல் முழுக்கக் கன்னத்தில் அடக்கி மெல்லும் இலை. க்யூ-ஏ-ஐ-டி: வட ஆப்பிரிக்க ஊர்த்தலைவர். க்யூ-ஓ-பி-எச்: எபிரேய நெடுங்கணக்கின் 19ஆம் எழுத்து. இப்படி எல்லோரையும் உள்ளே விட்ட மொழி உலகை ஆள்கிறதாம். தமிழ் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கெடுகிறதாம். முடிவு பழகியதுதான். எரிச்சலூட்டுவது சான்று.

இந்தப் பட்டியல் எங்கே பிறந்தது என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. ஸ்கிராபிள் ஆடுகிறவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். 1930-களின் பெருமந்தத்தில் வேலை போன ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணி அமைத்த, சொல் கட்டும் ஆட்டம் அது. மொத்தம் 100 காய்கள். க்யூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10. கைக்கு க்யூ வந்து யூ வராமல் போனால் ஆட்டக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். அதற்கு மருந்தாக மனப்பாடம் செய்யப்படுபவை இச்சொற்கள். பொருள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே கிடையாது. நியூஸிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார்; 2024-ல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். சொல்லின் வடிவம் குறிப்பான், அதன் பொருள் குறிப்பீடு என்று ஒரு தலைமுறையே இங்கே இரவிரவாக மண்டையை உடைத்துக்கொண்டது. இந்த மனிதர் குறிப்பீட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கோப்பையோடு திரும்பியிருக்கிறார்.

சரி, க்யூவுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்துக்கு இந்த எழுத்தே தேவைப்படவில்லை. அரசியைக் குறிக்கும் சொல்லை சி, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் அவர்களின் எழுத்தர்கள் க்யூவையும் யூவையும் ஜோடியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆகவே யூ இல்லாத க்யூ ஆங்கிலக் காதில் விழுந்து வந்ததல்ல. கண் வழியாக வந்தது. அரபியில் காஃப் என்றொரு எழுத்து. உள்நாக்கருகே பிறக்கும் ஒலி. சாதாரணக் ககரத்தோடு அது குழம்பிவிடக் கூடாதென்று, கீழைத்தேயவியல் அறிஞர்கள் சும்மா கிடந்த க்யூவை அதற்கு ஒதுக்கினார்கள். சீனக் கதை இன்னும் வேடிக்கை. க்யூ-ஐ என்ற எழுத்துக்கூட்டல் 1958-ல் பெய்ஜிங் அரசு ஏற்ற பின்யின் முறையிலிருந்து வந்தது. ஒரு கம்யூனிஸ்ட் அரசின் மொழிக்குழு செய்த வேலையை ஆங்கிலத்தின் தாராளமயக் கணக்கில் வரவு வைக்கிறது சகோதர இதழ்!

உண்மையிலேயே ஆங்கிலம் உள்ளே விட்டவை எவை? காபி. காட்டன். கேண்டி. நகைக்கடைக் கேரட். நான்கும் அரபியில் அதே காஃபில் தொடங்கியவை. வணிகர் வாய், துருக்கியர் வாய், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் வாய் என்று உருண்டு வந்ததில் அந்த ஒலி தேய்ந்து ககரமாயிற்று. இவற்றை யாரும் அதிசயப் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் இவை வீட்டு ஆளாகிவிட்டன. க்யூ மாறாமல் நிற்கும் சொல்லோ இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. செய்தித்தாள் புண்ணியத்தில் புர்கா போல ஒன்றிரண்டு உள்ளே போயிருக்கலாம், அவ்வளவுதான். (கேண்டிக்கு மூலம் நம் கற்கண்டுதான் என்று யாராவது கிளம்புவதற்குள் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம்.)

பட்டியலில் ஐந்தெழுத்தில் கனாத் என்றொரு சொல். ‘நீர்ச்சுரங்கம்’ என்று ஒற்றைச் சொல்லில் பொருள் தந்து நகர்ந்துவிட்டார் கட்டுரையாளர். ஈரானில் மலையடிவாரத்தில் நீர் தட்டும்வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து சமவெளி ஊர்வரை, கண்ணுக்குத் தெரியாத சரிவில் நிலத்தடியில் சுரங்கம் போகும். மண்ணை வெளியேற்றவும் காற்று போகவும் வழிநெடுகச் செங்குத்துக் குழிகள். இறைக்க வேண்டாம், நீர் தானே நடந்து வரும். பாலை வெயிலில் ஆவியாகவும் ஆகாது. சரிவு சற்றுக் கூடினால் சுரங்கத்தை நீரே அரித்துவிடும், குறைந்தால் வண்டல் அடைக்கும். இப்படிப்பட்ட 11 கனாத்துகளை 2016-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. ஸ்கிராபிள் பலகையில் இதன் மதிப்பு 14.

ஆட்டத்தோடு நமக்குப் பகையில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பெரெக் 1969-ல் ‘ஈ’ என்ற பிரெஞ்சு உயிரெழுத்தே வராமல் ஒரு முழு நாவல் எழுதியதைப் பற்றி இவ்விதழ் பரவசப்பட்டு எழுதியது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். வெற்று உருவவாதம் என்று முற்போக்கு முகாமிலிருந்து வசையும் வாங்கினோம். பெரெக்கின் தந்தை 1940-ல் போரில் செத்தார். தாயை 1943-ல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாவலில் இல்லாத எழுத்து யாருடைய இல்லாமை என்று வசைபாடியவர்கள் கேட்டதில்லை. உதடு ஒட்டாமல் நிரோட்டகம் பாடிய நம் சித்திரகவிகளையும் அதே கையால்தான் ஒதுக்கினார்கள். எழுத்தைக் கட்டுப்படுத்தி ஒன்றைச் சொல்லவைப்பது வேறு. ஒன்றும் சொல்லாத எழுத்தை அடுக்கிப் புள்ளி எண்ணுவது வேறு.

பட்டியல் பக்தி சகோதர இதழோடு நிற்பதுமில்லை. கதவைத் திற என்பவருக்கும் சாத்து என்பவருக்கும் வழிபாடு ஒன்றுதான். கலைச்சொல் குழுக்கள் கூடிக் கூடிச் சொல் ஆக்குகின்றன. அவற்றை ஆக்கியவர்களே வீட்டில் பேசுவதில்லை. நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளை மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். தீயும் பூவும் கையும் வாயிலிருக்கின்றன. சோ என்றால் மதில், நொ என்றால் துன்பம் என்பது தேர்வுத்தாளோடு முடிந்துபோகிறது. இவர்கள் நடுவே பல்கலைக்கழகப் பின்புலம் ஏதுமின்றி, சம்சாரிகளின் வாயிலிருந்து சொல்லெடுத்துக் கரிசலுக்கு ஓர் அகராதி தந்தார் எழுத்தாளர் கி.ரா. அதைப் புலவர்கள் கொச்சை என்றார்கள். நவீனர்கள் கிராமிய ஏக்கம் என்றார்கள். இரு தரப்பும் அதைப் புரட்டிப் பார்த்ததா என்பது நம் நெடுநாள் சந்தேகம்.

சகோதர இதழின் எதிர்வினை வந்தால் முழுமையாக வெளியிடுவோம். பட்டியல் மட்டும் இணைக்க வேண்டாம். தாள் விற்கிற விலையில் பக்கம் கட்டுப்படியாகாது.