தலைமையைத் தேடுவதா, பதவியை நிரப்புவதா?

பாரிய நிறுவனமொன்றின் பிரதம நிறைவேற்று அதிகாரி பதவி வெற்றிடமாகும்போது, அதற்குப் பொருத்தமானவர் பெரும்பாலும் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பவராக இருப்பதில்லை. அவர் வேறோர் இடத்தில் உயர் பொறுப்பில் இருப்பார். அத்தகையோரைக் கண்டறிந்து இரகசியமாக அணுகுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் மேற்குலகில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கி வருகின்றன. 1953 இல் சிக்காகோவில் ஆரம்பிக்கப்பட்ட ஹெய்ட்ரிக் அன்ட் ஸ்ட்ரகிள்ஸ், 1956 இல் அதே நகரில் தோன்றிய ஸ்பென்சர் ஸ்டுவர்ட் ஆகியன அவற்றுள் முக்கியமானவை.

பதவிக்குத் தேவையான தகைமைகளைப் பணிப்பாளர் சபையுடன் கலந்து வரையறுப்பதே இவற்றின் முதற்பணியாகும். பின்னர் நீண்டதொரு பட்டியல் தயாரிக்கப்பட்டு, அதிலுள்ளோருடன் பணியாற்றியவர்களிடம் விசாரித்து, ஒரு சிலராகச் சுருக்கப்படுகின்றது. இறுதித் தெரிவு பணிப்பாளர் சபையினுடையதே. தெரிவாகுபவரின் முதலாண்டு ஊதியத்தில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாக அறவிடுவது இத்தொழிலின் நீண்டகால வழக்கமாகும். அதனைச் செலுத்துவது பதவி பெறுபவரல்ல, நிறுவனமே.

1992 இல் ஏறத்தாழ 500 கோடி டொலர் நட்டமடைந்த ஐ.பி.எம். நிறுவனம், மேற்கூறிய இரு நிறுவனங்களிடமும் இப்பொறுப்பை ஒப்படைத்தது. 1993 ஏப்ரலில் தலைமையேற்ற லூயிஸ் கேர்ஸ்ட்னர் கணினித்துறையைச் சார்ந்தவரல்லர். பிஸ்கட்டும் சிகரட்டும் உற்பத்தி செய்த நிறுவனமொன்றின் தலைவராக இருந்தவர். ஐ.பி.எம்மைத் துண்டுகளாகப் பிரிக்கும் திட்டத்தைக் கைவிட்டு, அதனை அவர் மீட்டெடுத்தமை வரலாறாகும்.

எனினும் இம்முறை குறையற்றதன்று. கட்டணம் ஊதியத்துடன் பிணைக்கப்படுவதால் ஊதியத்தை உயர்த்துவதே தேடுபவருக்கும் இலாபமாகின்றது. அதனிலும் பாரதூரமானது, அறிமுகமான வட்டத்துக்குள்ளேயே தேடல் முடிந்துவிடுவதாகும். அவ்வட்டத்துக்கு வெளியேயுள்ள பெண்களும் சிறுபான்மையினரும் எத்துணைத் திறமை பெற்றிருப்பினும் பட்டியலில் இடம்பெறுவதில்லை. பெண்களை இப்பட்டியல்களில் உள்வாங்கும் நோக்குடன் பிரித்தானியாவில் 2011 இல் இத்தொழிலுக்கென நடத்தைக் கோவையொன்று உருவாக்கப்பட்டமை இதனாலேயே.

எமது நாட்டின் நிலை யாது? 2001 இன் 17 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கியபோதும், அரச கூட்டுத்தாபனங்களின் தலைவர் பதவிகள் பெரும்பாலும் அமைச்சர்களின் விருப்பத்துக்கே விடப்பட்டன. 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸ் நிருவகித்த ஸ்ரீலங்கன் விமான சேவையின் தலைவராகப் பின்னர் அன்றைய ஜனாதிபதியின் மைத்துனர் பதவி வகித்தார். அச்சேவை திறைசேரிக்குப் பெருஞ்சுமையானமைக்கு எரிபொருள் விலை உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்நியமனத்துக்கு முன்னர் வேறெவரது தகைமை ஒப்புநோக்கப்பட்டது என்ற கேள்விக்கு மக்களிடம் விடையில்லை.

வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கோடிகளைக் கொட்டவேண்டும் என்பதல்ல எமது வாதம். பதவிக்கான தகைமையை முன்கூட்டியே எழுத்தில் வெளியிடுவதற்கும், பலரை ஒப்புநோக்குவதற்கும், தெரிவுக்கான காரணத்தைப் பகிரங்கப்படுத்துவதற்கும் பெருஞ்செலவு ஏற்படப்போவதில்லை. தனியார் நிறுவனம் தவறான தலைமையைத் தெரிவு செய்தால் முதலில் இழப்பவர்கள் பங்குதாரர்களே. அரச நிறுவனம் தவறினாலோ மின்கட்டணமாகவும் வரியாகவும் அந்த இழப்பைச் சுமப்பது யாழ்ப்பாணத்து விவசாயியும் காத்தான்குடி வியாபாரியுமேயாவர். அவர்களது பிள்ளைகளின் பெயரும் அப்பட்டியலில் இடம்பெறக்கூடிய நாள் வரும்போதே, தேடல் நடந்தது என நாம் கூறமுடியும்.