கைச்சாத்து முடிஞ்சுது, வேலை எங்க?

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைவாய்ப்பாம். கம்பனியும் தொண்டு நிறுவனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்திடுகினம். குத்துவிளக்கு, பொன்னாடை, குரூப் போட்டோ. நல்ல விஷயம்தான். ஆனா அந்த மேடையில சக்கர நாற்காலி ஏற வழி இருக்குதா எண்டு பாத்தீங்களா?

அரச வெற்றிடங்களில் 3 வீதம் இவர்களுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த 3 வீதம் தனியார் கம்பனிகளைக் கட்டுப்படுத்தாது. அங்க மனமிருந்தா வேலை, இல்லாட்டி இல்லை. உரிமையாகக் கிடைக்கவேண்டியது இப்படித்தான் தருமமாகிப் போகுது. எங்களோட கலைப்பீடத்தில படிக்கிற பார்வையற்ற நண்பர்களுக்குப் பட்டம் கிடைக்கும். பிறகு?

கூட்டாண்மைக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. யுத்தம் காலையும் கண்ணையும் பறிச்ச வடக்கு கிழக்கில அது கட்டாயம் தேவை. ஆனா எத்தனை பேரைச் சேர்த்தீங்கள் என்ற கணக்கு மட்டும் போதாது. ஒரு வருஷத்துக்குப் பிறகு எத்தனை பேர் வேலையில நிக்கினம் எண்டும் சொல்லுங்கோ. பஸ்ஸில ஏறமுடியாதவர் வேலைக்கு எப்படி வருவார்? காது கேளாதவரின்ர நேர்முகப் பரீட்சைக்குச் சைகைமொழி தெரிஞ்சவரை யார் கூட்டிவாறது? செலவு யாருடையது? இதெல்லாம் ஒப்பந்தத்தில எழுதப்படவேணும். எழுதுற மேசையில மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளுக்கும் கதிரை போடுங்கோ. பொன்னாடை வேண்டாம், அவையும் கையெழுத்து வைக்கட்டும்.