சரக்குக் கப்பலுக்குப் பிரேக் எங்கே?

நியூ டவுனில் எங்களோடு இருக்கும் பேரன் விண்வெளிச் சரக்குக் கப்பல் ஒன்றை வரைந்து காட்டினான். பெட்டி பெட்டியாகச் சரக்கு, பின்னால் பெரிய எஞ்சின். "பிரேக் எங்கேடா?" என்றேன். விழித்தான். ரயில்வேயில் வேகன்களோடு காலம் கழித்தவன் வேறென்ன கேட்பேன்?

விண்வெளிக் கதைகளிலும் இதே குறைதான். ரயிலில் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிக்கும். அங்கே பிடிக்க எதுவுமில்லை. எதிர்த்திசையில் எஞ்சினை இயக்கித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். சரக்கு கூடினால் அதற்கான எரிபொருளும் கூடும்.

இது வெறும் கதை விவகாரமல்ல. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் ஆளில்லாச் சரக்குக் கலமான புரோகிரஸ், மிர் விண்வெளி நிலையத்தோடு இணைக்கும் சோதனையின்போது வேகம் தணியாமல் மோதியது. நிலையத்தின் ஒரு பகுதியில் ஓட்டை விழுந்து காற்று கசிந்தது. உள்ளே இருந்த மூவரும் அந்தப் பகுதியை அடைத்துவிட்டு உயிர் தப்பினர்.

நம் இஸ்ரோ 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரு கலங்களை இணைத்தது. 15 மீட்டரில் ஒரு நிறுத்தம், 3 மீட்டரில் ஒரு நிறுத்தம், பிறகு மெல்ல மெல்ல இணைப்பு. யார்டில் ஷண்டிங் செய்து பெட்டி கோக்கும் அதே பொறுமை!

2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்க இந்தியா திட்டமிட்டுள்ளது. அதற்குச் சரக்கு அனுப்பப்போகிறவர்களில் நம் சங்கத்துப் பிள்ளைகளும் இருக்கலாம். ஆகவே பெற்றோர்களே, ராக்கெட்டின் வேகத்தை வியக்கும் பிள்ளையிடம் "அது எப்படி நிற்கும்?" என்றும் கேளுங்கள். என் பேரன் மறுநாளே முன்பக்கம் நான்கு சின்ன எஞ்சின்களை வரைந்துவிட்டான்.