கடித்துக் காட்டச் சொல்லுங்கள்

எங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் எடை, உயரம், கண் பார்வை, ரத்தசோகை, தோல் நோய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி "ஆ காட்டு" என்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் சொத்தைப் பல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை வாயைத் திறக்கும், மூடும், அடுத்த பிள்ளை வந்து நிற்கும். வேலை செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் ஒரு பள்ளியையே பார்த்து முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் இந்த முறையில் ஒரு குறை எந்தக் காலத்திலும் கண்ணில் படாது. கீழ்ப் பல்வரிசை மேல் பல்வரிசையைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும் குறை அது. வாயைத் திறந்தால் மறைந்துவிடும். பல்லைக் கடித்தால்தான் தெரியும்.

அறந்தாங்கிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை எடுப்பவள் நான். பல் மருத்துவம் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளைகளின் வாயை எந்த மருத்துவரையும்விட அதிக நேரம் பார்ப்பவள். பால் பல் விழுந்தால் அதைக் காகிதத்தில் மடித்து முதலில் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். புதுப் பல் முளைத்தால் உதட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்: "ஆ காட்டு" என்பதோடு "இப்போ கடிச்சுக் காட்டு" என்ற ஒரு வாக்கியத்தையும் அரசு சேர்க்க வேண்டும்.

சாதாரணமாக, டப்பாவை அதன் மூடி கவ்வுவதுபோல மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைக் கொஞ்சம் மூடியபடி நிற்கும். சில பிள்ளைகளுக்கு இது தலைகீழாக இருக்கிறது. கீழ்ப்பற்கள் வெளியே, மேற்பற்கள் உள்ளே. அப்படிப்பட்ட பிள்ளையால் கொய்யாவை முன்பல்லால் கடித்து எடுக்க முடியாது. பக்கவாட்டில் திருப்பிக் கடைவாயில் வைத்து உடைக்கும். பூக்கட்டும்போது நூலைப் பல்லால் அறுக்க வராது. சில பிள்ளைகளுக்குப் பற்கள் நுனியோடு நுனி இடித்துத் தேய்ந்து, பெரியவர்களின் பல்போல மழுங்கிப் போயிருக்கும்.

பாடம் நடத்துகிறவளுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்தால் வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லி வைத்திருக்கிறார். மேற்பல் உள்ளே போய்விட்ட பிள்ளைக்கு அந்த இடத்துக்கு உதடு எட்டுவதே பாடு. சில பிள்ளைகள் கீழ்ப்பல்லால் மேலுதட்டைத் தொட்டு "வாழை" என்று சொல்லிவிடும். ஒலி ஏறக்குறைய சரியாகவே வரும், காது ஏமாந்து போகும். வாயைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஆங்கிலத்தின் எஃப் ஒலியிலும் இதே தடுமாற்றம். "நாக்கு புரளல" என்று நாம் திட்டுகிற சில பிள்ளைகளுக்கு நாக்கில் ஒரு குறையும் இருக்காது.

இப்படி ஒரு பெண் பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். அவளுடைய அப்பத்தாவிடம் பேச்சுக் கொடுத்தபோது, "அது அவ ஐயா தாடை டீச்சர். அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கா" என்று பெருமையாகச் சொன்னார். குழந்தையாக இருந்தபோது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகையில் தாடையைப் பிடித்துப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டாராம். "இன்னும் நாலு மாசம் சேத்துப் பிடிச்சுவிட்டிருந்தா சரியாயிருக்கும், அதுக்குள்ள அவ அம்மா ஊருக்குப் போயிட்டா" என்று மருமகள் மேல் ஒரு குற்றச்சாட்டும் வைத்தார். எலும்பு அப்படியெல்லாம் கைக்கு அடங்காது. ஆனால் ஐயா தாடை என்று அவர் சொன்னதில் தவறே இல்லை. இந்தக் குறையில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அரச பரம்பரையும் இதற்கு விலக்கில்லை. ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தாரின் ஓவியங்களில் தலைமுறை தலைமுறையாக அந்த நீண்ட கீழ்த்தாடை வருகிறது. கடைசி மன்னர் இரண்டாம் சார்லஸ் (1661–1700) சரியாக மென்று தின்னவே முடியாமல் அவதிப்பட்டவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் தாய்மாமனும் தங்கை மகளும். அந்தக் குடும்பத்தின் ஓவியங்களையும் வம்சாவளியையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நெருங்கிய உறவுக்குள் திருமணம் கூடக் கூடத் தாடை நீட்சியும் கூடியிருப்பதாகக் கண்டது. முறை மாமனும் அத்தை மகளும் இன்றைக்கும் மாலை மாற்றிக்கொள்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். மேலே சொல்ல வேண்டியதில்லை.

பரம்பரை என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தம் இல்லை. இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பழைய யோசனை குறுக்கே வருகிறது: "பால் பல்லெல்லாம் விழுந்து முளைக்கட்டும், பதிமூணு பதினாலு வயசுல கிளிப் போட்டுக்கலாம்." எத்துப்பல்லுக்கும் கோணல் பல்லுக்கும் பெரும்பாலும் இந்த யோசனை பொருந்தும். கீழ்த்தாடை முன்வந்த பிள்ளைக்கு இதுதான் காலத்தைத் தின்னும் யோசனை.

காரணம் எலும்பின் வளர்ச்சியில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கீழ்த்தாடை நீண்டிருப்பது பாதிக் கதைதான். மேல்தாடை பின்தங்கியிருப்பது மீதிக் கதை. மேல்தாடை எலும்பு முகத்தின் மற்ற எலும்புகளோடு சேரும் பொருத்துகள் சின்ன வயதில் இளகி இருக்கும். ஏறக்குறைய 10 வயது வரை அதை முன்னோக்கி இழுத்து வளரச் செய்ய வழி உண்டு. அதற்கு மேல் ஆண்டுக்கு ஆண்டு பலன் குறையும். கீழ்த்தாடையோ பருவ வயதில்தான் வேகம் பிடிக்கும். ஆண் பிள்ளைகளுக்கு 18 வயதைத் தாண்டியும் வளரும். பதினாலு வயது வரை காத்திருந்தால், இழுக்க வேண்டிய தாடை இறுகிவிடும், நிற்க வேண்டிய தாடை ஓடத் தொடங்கிவிடும்.

அந்த இழுக்கும் கருவியை முகக்கவசம் என்றே பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கொரோனா காலத்துத் துணி முகக்கவசத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நெற்றியில் ஒரு பட்டை, முகவாயில் ஒரு பட்டை, இரண்டையும் இணைக்கும் கம்பிச் சட்டம். மேல்தாடைப் பற்களில் ஒரு சாதனத்தை ஒட்டி, அதன் கொக்கியிலிருந்து சட்டத்துக்கு ரப்பர் வளையங்களை மாட்டுவார்கள். பிரான்சின் நாந்த் நகரைச் சேர்ந்த மருத்துவர் ழான் தெலேர் பரவலாக்கிய முறை இது. ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு வரத் தேவையில்லை, சாயங்காலமும் இரவும் போதும். ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று ஆகும். ராத்திரித் தூக்கத்தில் பிள்ளை அதைக் கழற்றி எறியும், அம்மா எழுந்து மாட்ட வேண்டும். முகவாய்த் தோல் சிவக்கும். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு வீட்டில் ஒருவருக்குப் பொறுமை வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் அதுகூடத் தேவைப்படாது. சிலருக்குத் தாடை சரியாகவே இருக்கும்; முளைத்து வந்த மேற்பல் உட்பக்கம் சாய்ந்து முளைத்திருக்கும். கடிக்கும்போது பல் இடிக்க, பிள்ளை தாடையை முன்னால் தள்ளி வசதி பண்ணிக்கொள்ளும். இதற்குச் சின்ன ஸ்பிரிங் வைத்த பிளேட் சில மாதங்கள் போட்டாலே போதும். அப்படியே விட்டால் தள்ளித் தள்ளிக் கடித்து அதுவே பழக்கமாகி, வளர்ச்சியையும் அந்தப் பக்கம் திருப்பிவிடும். எது பல்லின் குற்றம், எது எலும்பின் குற்றம் என்று பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். அதற்குத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும் என்கிறேன். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் முதல் பரிசோதனையை 7 வயதுக்குள் செய்துவிடச் சொல்கிறது. ஏழு வயது என்றால் இரண்டாம் வகுப்பு. என் வகுப்பு.

"சின்ன வயசுல சரிபண்ணாலும் வளர வளரத் திரும்ப வந்துடும்னு சொல்றாங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. சிலருக்குத் திரும்ப வருகிறது. பிரிட்டனில் 7 முதல் 9 வயதுள்ள 73 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் முகக்கவசம் கொடுத்து ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. சிகிச்சை பெறாத குழுவில் 66 சதவீதம் பேருக்குத் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று மருத்துவர்கள் கணித்தார்கள். முகக்கவசம் போட்ட குழுவில் அது 36 சதவீதம். முழு வெற்றி இல்லைதான். ஆனால் மூன்று பேரில் இருவர் என்பது மூன்றில் ஒருவர் என்று குறைவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

அந்த அறுவை சிகிச்சை எப்படிப்பட்டது என்பதை என் சித்தப்பா மகனிடம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தம்பி முறை. பள்ளியில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அவனைச் சிறு வயதில் எந்த மருத்துவரிடமும் காட்டவில்லை. பதினைந்து வயதில் ஒரு தனியார் கிளினிக்கில் கீழ்ப்பல் இரண்டைப் பிடுங்கிக் கிளிப் போட்டார்கள். பார்க்க நன்றாக வந்தது. அடுத்த சில வருடங்களில் தாடை வளர்ந்து, பல் மறுபடியும் முன்னால் போய்விட்டது. வளர்ச்சி நிற்பதற்குள் அவசரப்பட்டால் இப்படித்தான் ஆகும் என்று பிறகு பார்த்த மருத்துவர் சொன்னார்.

படிப்பை முடித்தபின்தான் அறுவை சிகிச்சை. வளர்ச்சி நின்றுவிட்டதா என்று தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, இடைவெளி விட்டு மறுபடி எடுத்து ஒப்பிட்டார்கள். அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் கிளிப். அந்த வருடம்தான் அவனுக்குப் பெரிய சோதனை. கீழ்த்தாடை முன்வந்தவர்களுக்குப் பற்கள் தாமாகவே சாய்ந்து குறையைக் கொஞ்சம் மறைத்திருக்கும். அறுவைக்கு முன்னால் அந்தச் சாய்வை நிமிர்த்துவார்கள். அதனால் முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும். "காசு குடுத்துக் கெடுத்துக்கிட்டேன்க்கா" என்று ஒருநாள் என்னிடம் உட்கார்ந்து அழுதான்.

அறுவையில் வாய்க்குள்ளேயே கீறி, கீழ்த்தாடை எலும்பை இரண்டு பக்கமும் பிளந்து, பின்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்தினார்கள். சூரிச் நகரின் ஹியூகோ ஓப்வெகெசர் 1950களில் வகுத்த முறையின் வழியில் இன்றும் செய்கிறார்கள். வெளியே ஒரு தழும்பும் இல்லை. வாரக்கணக்கில் கஞ்சி, கூழ், பழச்சாறு மட்டும். உடம்பு பாதியாக இளைத்தான். கீழுதடு மரத்துப்போய், சாப்பிடும்போது சோறு ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல் மாதக்கணக்கில் இருந்தான். சித்தப்பா வயலை ஒத்திக்கு வைத்தார். இப்போது அவன் நன்றாக இருக்கிறான், முன்பல்லால் முறுக்கைக் கடிக்கிறான். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சிலருக்கு அதுதான் ஒரே வழி. ஏழு வயதில் யாராவது கடித்துக் காட்டச் சொல்லியிருந்தால் அவனுக்கும் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

இது முகத்தை அழகாக்கும் சமாச்சாரம், அதற்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கல்யாணச் சந்தைக்காகப் பிள்ளையின் தாடையைத் திருத்துவதில் எனக்கும் சம்மதம் இல்லை. கொஞ்சம் நீண்ட முகவாய், அதோடு நன்றாக மென்று, தெளிவாகப் பேசி வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. நான் பேசுவது கடிக்க முடியாத பல்லைப் பற்றி. பிரிட்டனில் கீழ்ப்பல் மேற்பல்லைத் தாண்டி 3.5 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நின்றாலே, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசு செலவில் சிகிச்சை பெறத் தகுதி வந்துவிடும். அழகை அளக்கும் கோல் இல்லை அது, மருத்துவத் தேவையை அளக்கும் கோல்.

நம்மிடம் ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம். அதன் நோய்ப் பட்டியலில் அண்ணப்பிளவு இருக்கிறது, சொத்தைப் பல் இருக்கிறது. பல் கடி இல்லை. சேர்ப்பதற்குப் புதுக் கருவி வேண்டாம், மருந்து வேண்டாம். பிள்ளை உமிழ்நீரை விழுங்கிவிட்டுக் கடைவாய்ப்பல் சேரக் கடிக்க வேண்டும், பார்ப்பவர் உதட்டை விலக்கிப் பார்க்க வேண்டும். பத்து நொடி வேலை.

அனுப்பி வைத்தால் எங்கே போவார்கள் என்பது அடுத்த கேள்வி. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கியது. வெகுகாலம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னையும் சிதம்பரமும்தான். 2023இல் புதுக்கோட்டைக்கே ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் இந்தச் சிகிச்சைக்கு மாதாமாதம் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு நூறு நாள் வேலைக் கூலி போகும், பஸ் செலவு சேரும், பிள்ளைக்குப் பள்ளி போகும். மூன்றாவது மாதமே நின்றுவிடுகிறார்கள். அண்ணப்பிளவுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்து அழைத்துப் போவதுபோல இவர்களுக்கும் பெயர்ப் பட்டியல் வைத்து, பயணச் செலவைக் கொடுத்து, சாதனங்களை இலவசமாகத் தர வேண்டும். அண்ணப்பிளவை மூடிய தழும்பால் மேல்தாடை வளராமல் இதே குறை வந்து சேரும் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பதில் என்ன சிரமம்?

அரசு யோசித்து ஆணை போட நாளாகலாம். அதுவரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நான் இப்போதெல்லாம் முன்பல் முளைத்த பிள்ளைகளைக் கடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுகிறேன். சந்தேகம் வந்தால், குழு வரும் நாளில் அந்தப் பிள்ளையை வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன். அட்டையில் இதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. ஓரத்தில் இடம் இருக்கிறது, அங்கே எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன். எழுதித் தருகிறார்கள்.