பக்கத்தின் அடியில் ஒரு வரி

கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பேராக் மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. இன்று அவற்றுள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கோயில் திருவிழாக் கணக்கு, பள்ளிக் கூட்டக் குறிப்பு என அவர்கள் கொண்டுவந்த பழைய தாள்கள் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன.

வரலாற்று இடுபணிக்காக ஒரு மாணவி அத்தகைய தாள் ஒன்றைத் தன் பாட்டியிடமிருந்து பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கோயில் கூரையை மாற்ற வீட்டுக்கு இரண்டு வெள்ளி கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு? இது முதல் பக்கமா, மூன்றாம் பக்கமா? “கிராணி எழுதியிருப்பாரு, கண்ணு” என்பதற்குமேல் பாட்டிக்கும் நினைவில்லை. செய்தி இருக்கிறது, ஆனால், அதைச் சான்றாகக் காட்ட வழியில்லை.

இக்குறையைத் தீர்ப்பதே பக்கத்தின் அடிவரி. ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் உரைக்குக் கீழே இடம்பெறும் பகுதி இது. உரையிலுள்ள ஒரு சொல்லை விளக்கும் அடிக்குறிப்பு வேறு, அடிவரி வேறு. மலாயில் காலைக் குறிக்கும் ‘காக்கி’ என்னும் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் அமைந்துள்ளது. காலடியில் இருப்பதாலோ என்னவோ, பலர் இதைக் கண்டுகொள்வதில்லை.

தமிழருக்கு இது புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றைப் புரட்டினால், பாடலுக்குக் கீழே திணை, துறை, யாரை யார் பாடியது என்னும் குறிப்பைக் காணலாம். பாடலின் உள்ளே புலவர் தம் பெயரைச் சொல்வது அரிது. அக்குறிப்பு இல்லையேல், பாடியவரையும் பாடப்பட்டவரையும் நாம் பெரும்பாலும் அறிந்திருக்கவே முடியாது. சில பாடல்களுக்கு அக்குறிப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. அவற்றைப் பாடியவர் யாரென்று இன்றும் தெரியவில்லை. பாடல் பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை.

இன்றைய ஆவணங்களில் அடிவரியின் பணி இன்னும் விரிந்துள்ளது. ‘பக்கம் 3 / 5’ என்றிருந்தால், ஐந்து பக்கங்களுள் ஒன்று தொலைந்தாலும் உடனே தெரிந்துவிடும். வெறும் ‘3’ என்றிருந்தால், கடைசிப் பக்கம் காணாமற்போனதை யாரும் அறியமாட்டார். செயலறிக்கையைப் பலமுறை திருத்தும் கழகச் செயலாளருக்குத் திருத்திய நாளை அடியில் இடுவது பெரிய உதவி. நம் நாட்டு அலுவலகக் கடிதங்கள் சிலவற்றின் அடியில், இது கணினி அச்சு என்பதால் கையொப்பம் தேவையில்லை என்ற வரி இருக்கும். கையொப்பத்தைத் தேடிக் குழம்புவோருக்கு அந்த ஒரு வரியே விடை.

அகப்பக்கத்திலோ அடிப்பகுதி ஒரு வாசற்படி போன்றது. முகவரி, தொலைபேசி எண், பதிப்புரிமை, தனிநபர் தரவு பற்றிய அறிவிப்பு ஆகியவை அங்கேதான் இருக்கும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிக நோக்கில் தரவைப் பெறுவோர் அதுபற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் அகப்பக்கத்தின் அடியில் முகவரியும் இல்லை, அறிவிப்பும் இல்லை என்றால், எண்ணைத் தட்டச்சு செய்யாமல் நிறுத்துவதே அறிவுடைமை. அதே வேளையில், அடிவரியைக் கண்மூடி நம்பவும் கூடாது. பதிப்புரிமை ஆண்டு பல அகப்பக்கங்களில் தானாகவே மாறிக்கொள்ளும். ஆண்டு புதிது என்பதால் மேலே உள்ள செய்தியும் புதிதாகிவிடாது. ‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’ என்ற வரியே அதற்குத் துணை.

இன்று பெருந்தொல்லை புலனத்தில் வருகிறது. ஓர் அறிவிப்பைப் படம்பிடிப்போர், அழகாக இல்லை என்று அதன் அடிப்பகுதியை வெட்டிவிட்டு அனுப்புகின்றனர். நாளும் அனுப்பியவரும் போய்விட, சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறை அறிவிப்பு இந்த ஆண்டுக்குரியதாக ஊரெல்லாம் சுற்றுகிறது. இத்தகைய செய்திகளைச் சரிபார்க்க மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் ‘செபெனார்ஞா’ அகப்பக்கத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. வெட்டியவர் பொய் சொல்லவில்லை. ஆயினும், உண்மையைப் பொய்யாக்கிவிட்டார்.

சிலர் இதற்கு நேர்மாறு. இரண்டு வரி மின்னஞ்சலின் அடியில் பத்து வரிப் பொறுப்புத் துறப்பை ஒட்டுகின்றனர். அதை யாரும் படிப்பதில்லை. அடிவரிக்கு மூன்று செய்திகள் போதும்: யாருடையது, எப்போதையது, எத்தனையாவது பக்கம்.

பாட்டியின் தாளுக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மூலத்தாளில் எதுவும் கிறுக்காமல், அதன் நகலின் அடியில் அம்மாணவி எழுதலாம்: யாரிடமிருந்து கிடைத்தது, அவர் எந்தெந்தத் தோட்டங்களில் வாழ்ந்தார், நகலெடுத்த நாள். ஆண்டு தெரியாவிட்டால் ‘ஆண்டு தெரியவில்லை’ என்றே எழுதலாம். பாட்டியிடம் இன்று கேட்டால் தோட்டத்தின் பெயராவது கிடைக்கும்.