பெர்லினுக்கு ஒன்றரை நாள் போதுமா?

பத்து நாளில் ஆறு நகரங்கள். விடுமுறைக்கு என் நண்பர்கள் போட்ட ஐரோப்பியப் பயணத் திட்டம் இது. பெர்லினுக்கு ஒன்றரை நாள்தான். நான் நான்கு நாள் கேட்டேன். "அங்கே அவ்வளவு நாள் என்ன செய்வது?" என்றார்கள்.

பிராண்டன்பர்க் வாயிலில் படமெடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால், 1961 முதல் 1989 வரை நகரைப் பிரித்த சுவரைப் புரிந்துகொள்ள பெர்னாவர் தெருவில் ஒரு காலைப்பொழுதாவது நடக்க வேண்டும். அருங்காட்சியகத் தீவில் மட்டும் ஐந்து அருங்காட்சியகங்கள் உள்ளன.

நடைபாதைகளில் உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடு பதித்த கற்களும் உண்டு. நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களின் பெயர்கள், அவர்கள் வாழ்ந்த வீடுகளின் வாசலிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அவசரமாக நடப்பவர் கண்ணில் அவை படாது. ஹிட்லரையும் பனிப்போரையும் உயர்நிலைப் பள்ளியில் தேர்வுக்காகப் படித்த நாம், அங்கேயும் அவசரப்பட வேண்டுமா?

மாணவர்களிடம் பணம் குறைவு என்பது உண்மையே. ஆனால், நகரம் மாறும் ஒவ்வொரு முறையும் ரயில் கட்டணத்தோடு அரை நாளும் போகிறது. இரண்டு நகரங்களைக் கைவிட்டால் இரண்டும் மிச்சம்.

இப்போது மூன்று நாளுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்காவது நாளுக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.