எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்போம்

"எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை" என்று விடுதியில் சிஸ்டர் அவர்கள் சொல்லாத நாளில்லை. கத்தரிக்கோலுக்கும் விளக்குமாற்றுக்கும் மட்டுமே உரிய அறிவுரை அது என்று எண்ணியிருந்தேன். கணினி நிரலுக்கும் அதுவே முதற்பாடம் என்பதைச் சென்ற விற்பனை விழாவின்போது பட்டறிந்தேன்.

பைத்தான் மொழியின் 'டெசிமல்' என்னும் பகுதி, விடைகளை வழக்கமாக 28 இலக்கத் துல்லியத்துடன் தரும். மதிப்பெண் சராசரிக்கு 4 இலக்கம் போதுமென்று அந்த அமைப்பை மாற்றினேன். மீண்டும் 28 ஆக்கும் கட்டளையைக் கடைசி வரியில் எழுதியும் வைத்தேன். ஆனால் ஒரு மாணவியின் பாட எண்ணிக்கையைப் பூஜ்யம் எனத் தவறாகப் பதிந்துவிட்டேன். பூஜ்யத்தால் வகுக்க இயலாமல் நிரல் நடுவழியில் நின்றது. கடைசி வரியை அது எட்டவேயில்லை.

அதைக் கவனியாமல், கணினியை மூடாமலே விழாக் கணக்கைக் கூட்டினேன். முதல் நாள் வரவு 7,420 ரூபாய், இரண்டாம் நாள் வரவு 4,926 ரூபாய். கூட்டுத்தொகை 12,346 என வரவேண்டும். கணினியோ நான்கு இலக்கத்துக்குச் சுருக்கி 12,350 என்றது! பெட்டியில் நான்கு ரூபாய் குறைகிறதென்று, பணம் எண்ணிய தோழியை எல்லோரும் ஐயத்துடன் பார்த்தோம். அவள் கண் கலங்கியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. குற்றம் அவளுடையதன்று, நான் திருப்பி வைக்காத ஓர் எண்ணுடையது.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு வெளிவந்த பைத்தான் 2.5 பதிப்பில் 'வித்' என்னும் கட்டளை சேர்க்கப்பட்டது. அதனோடு இணைந்து பணிபுரிவதே சூழல் மேலாளர். அதற்கு 'என்டர்', 'எக்ஸிட்' என இரு கடமைகள். உள்ளே நுழையும்போது பழைய நிலையைக் குறித்து வைக்கும். வெளியேறும்போது அதை மீட்டுத் தரும். வேலை நல்லபடி முடிந்தாலும், பிழையால் இடையில் முறிந்தாலும், 'எக்ஸிட்' தன் கடமையைச் செய்தே தீரும். டெசிமலுக்கென்றே 'லோக்கல் காண்டெக்ஸ்ட்' என்றொரு மேலாளர் இருக்கிறது. அதை நான் பயன்படுத்தியிருந்தால் தோழியின் கண்கள் கலங்கியிரா.

"கவனமாக எழுதினால் போதாதா? இத்தகைய வசதிகள் மறதியை வளர்க்காவா?" எனப் பெரியோர் கேட்கலாம். நானும் கவனமாகத்தான் திருப்பும் வரியை எழுதினேன். எதிர்பாராத பிழை வந்தபோது அந்தக் கவனம் உதவவில்லை. மேலும், எதைக் குறித்து வைப்பது என்று தீர்மானிப்பவர் நாமே. குறிக்காததை எந்த மேலாளரும் மீட்காது. மின்சாரம் திடீரென நின்றால் அதுவும் கைவிரித்துவிடும். ஆகவே சிந்திக்கும் பொறுப்பு நம்மை விட்டு நீங்குவதில்லை.

இன்னொரு சிறப்பையும் சொல்ல வேண்டும். 'எக்ஸிட்' மெய் என்னும் விடையைத் திருப்பி அனுப்பினால், நேர்ந்த பிழை வெளியே தெரியாமல் மறைந்துவிடும். அவ்வாறு அனுப்பாவிட்டால், நிலையைச் சீர்செய்தபின் பிழையும் நம்மிடம் வந்து சேரும். இரண்டாவதே நேர்மை. இடத்தைச் சுத்தம் செய்வது வேறு. தவறை மூடி மறைப்பது வேறு.

பன்னிரண்டாம் வகுப்பில் 'வித்' என்பதைக் கோப்பு திறக்கும் சொல்லாக மட்டுமே பலர் மனப்பாடம் செய்கிறோம். அமைப்பை மாற்றும் எந்த நிரலிலும் அதைப் பழக வேண்டும். செய்முறைத் தேர்வில் விடைக்கு மட்டுமின்றி, நிலையை மீட்டு வைத்ததற்கும் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் பணிவான கருத்து. நமக்குப் பின் அதே கணினியில் அமரும் தங்கை, நம் மறதிக்காகத் தலைகுனியக் கூடாதல்லவா?